பெரியார் பல்கலைக்கழகத்தின் தர எண்களும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களும்

காரிமங்கலம் செந்தில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. கணிதமா, பி.காம். படிப்பா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தக் கலைக் கல்லூரியின் விளம்பரத் தட்டியைப் பார்த்தாலும், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றது என்ற வரி இருக்கிறது. சிலர் அதற்குக் கீழேயே பல்கலைக்கழகத்தின் தரநிலையையும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அதனால் பல்கலைக்கழகம் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் திரட்டிப் பார்த்தேன். 1997 செப்டம்பர் 17 அன்று, அதாவது பெரியாரின் பிறந்த நாளில், தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 4 மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரத்தைக் குறிக்கும் 2(எஃப்), மத்திய மானியம் பெறுவதற்கான 12(பி) ஆகிய இரண்டு தகுதிகளையும் 2005-இல் பெற்றது. 2021-இல், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் நடத்திய மூன்றாம் சுற்று மதிப்பீட்டில் 4-க்கு 3.61 புள்ளிகளுடன் ஏ++ தரம் கிடைத்தது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், பல்கலைக்கழகங்கள் பிரிவில் 2023-இல் 59-ஆம் இடமும் 2024-இல் 56-ஆம் இடமும் பெற்றிருக்கிறது.

எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஒரு கல்லூரியில் என் தங்கை சேர்ந்தால், இந்த 3.61 அவளுடைய வகுப்பறையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தருமபுரி

தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி சேர்க்கைக் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர்களிடம் நான் சொல்லி வருவது இதுதான்: பல்கலைக்கழகத்தின் தர எண் வேறு, அதில் இணைவு பெற்ற கல்லூரியின் தரம் வேறு.

நாக் குழு ஒரு பல்கலைக்கழகத்தை மதிப்பிட வரும்போது, சேலத்தை அடுத்த கருப்பூரில் உள்ள அதன் வளாகத்தையும், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் துறைகளையும் அவற்றின் ஆசிரியர்கள், ஆய்வகங்கள், ஆய்வுக் கட்டுரைகள், நூலகம் ஆகியவற்றையும் பார்க்கிறது. இணைவு பெற்ற கல்லூரிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவை தனித்தனியே விண்ணப்பித்துத் தனித்தனியே மதிப்பீடு பெற வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் அப்படித்தான்; கல்லூரிகளுக்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. ஆகவே 3.61 என்பது கருப்பூரில் எம்.எஸ்சி. படிப்பவருக்கும் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கும் நேரடியாகப் பொருந்தும் எண். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பி.காம். படிக்கும் பிள்ளையின் வகுப்பறையை அந்த எண் அளக்கவே இல்லை.

அளவுகோலே வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். 2021-இல் நடைமுறையில் இருந்த நாக் கையேட்டின்படி மொத்தம் 1000 மதிப்பெண். பல்கலைக்கழகம் என்றால் அதில் ஆய்வுக்கும் விரிவாக்கப் பணிக்கும் 250, கற்பித்தலுக்கு 200. இணைவு பெற்ற கல்லூரி என்றால் கற்பித்தல், கற்றல், மதிப்பிடல் ஆகியவற்றுக்கு மட்டும் 350. ஒரு பல்கலைக்கழகம் உயர்ந்த தரம் பெறுவதில் அதன் பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அது பாராட்டுக்குரியதுதான் என்றாலும், முதலாம் ஆண்டில் வகைநுண்கணிதத் தாளை நடத்த ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அது உதவாது.

அப்படியானால் இணைவுக் கல்லூரி மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்னதான் தருகிறது என்று கேட்பீர்கள். பாடத்திட்டம் அங்கிருந்து வருகிறது. பருவத் தேர்வின் வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தாளின் பெயருக்கு எதிரே அகமதிப்பீடு, எழுத்துத் தேர்வு, மொத்தம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எழுத்துமுறைத் தாள் ஒன்றின் 100 மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு உரியது. 25 கல்லூரி ஆசிரியர் போடும் அகமதிப்பீடு. அந்த 75-ஐ வாங்கத் தேவையான பாடத்தை நடத்துவதும் கல்லூரி ஆசிரியர்தான் என்பதால், மூன்று ஆண்டுகளின் சுமை பெரும்பாலும் கல்லூரியின் மேல்தான் விழுகிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும்கூடக் கல்லூரியுடையதே. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி கொடுக்கும், பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும்.

கொஞ்சம் பழைய வரலாறும் சொல்லிவிடுகிறேன். 1997-க்கு முன்பு இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. என் வயதுக்காரர்களின் பட்டங்களில் 1857-இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் இருக்கும். பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்துப்பிழை என்றாலும் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. சேலத்தில் பல்கலைக்கழகம் வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இன்றைய பிள்ளைகளால் உணர முடியாது. பல்கலைக்கழகம் தொடங்கியபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவும் இல்லை. 2004 பிப்ரவரியில்தான் அது தருமபுரியிலிருந்து பிரிந்தது.

பர்கூர் பொறியாளர்

ஐயா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் உள்ள எல்லாக் கல்லூரிகளும் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும், தருமபுரி அரசு சட்டக் கல்லூரி டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவை. பி.எட். கல்லூரிகள் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்டவை. பையூரில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையது. ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியினக் கல்லூரி கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துடையது. கலை, அறிவியல், வணிகவியல் படிப்புகளுக்குத்தான் பெரியார் பல்கலைக்கழகத்தின் எண்களைத் தேட வேண்டும்.

ஓசூர் பணியாளர் தேர்வு அலுவலர்

மூத்தவரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு புள்ளியில் அவருடன் மாறுபடுகிறேன். நான் சிப்காட் பகுதியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வது உள்ளூர்க்காரர்கள் மட்டுமே. பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் தலைமை அலுவலகம் பார்ப்பது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான். அங்கே ஏ++ என்ற குறியீட்டுக்கும் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருப்பதற்கும் மதிப்பு உண்டு. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், வேறு மாநிலத்தில் எம்.பி.ஏ. சேரும்போதும் அதுவே நடக்கிறது.

எங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்; சேலமோ 160 கிலோமீட்டர் தூரம். எல்லையைத் தாண்டிப் படித்துவிடலாம் என்ற ஆசை இயல்பாகவே வருகிறது. அப்படிப் போகிறவர்கள், அங்கே கட்டும் கட்டணத்தையும் இங்கே கிடைக்கும் அரசு உதவிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்த ஒப்பீட்டில் பல்கலைக்கழகத்தின் தரநிலை ஒரு நியாயமான காரணி என்றே நான் கருதுகிறேன்.

அரூர் ஆசிரியை

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் மாணவிகளின் நிலையிலிருந்து சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் அது 68.54 விழுக்காடுதான், மாநிலத்திலேயே கடைசி இடம். கிருஷ்ணகிரி 71.46 விழுக்காடு. உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு என்று 2021-22 அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாநிலத்தின் அந்த 47-ஐப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் மாநிலச் சராசரி என்பது சென்னையையும் கோவையையும் சேர்த்த கணக்கு. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் என் மாணவி கல்லூரிக்குப் போவாளா என்பதை அந்தச் சராசரி முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது பெரும்பாலும் பேருந்துதான்.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனெனில் தரவரிசைகள் எதிலும் இது வராது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் வழியாகப் போகும்போது, சேலம் நகரத்துக்கு முன்பாகவே கருப்பூர் பல்கலைக்கழக வளாகம் வந்துவிடுகிறது. அரூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பேருந்து பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடி கணவாய், அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலத்தின் கிழக்குப் பக்கம் நுழைகிறது. அங்கிருந்து நகரத்தைக் கடந்து, வேறு பேருந்து பிடித்துக் கருப்பூருக்குப் போக வேண்டும். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். சேலம் போகும் புறநகர்ப் பேருந்தில் சீட்டு வாங்கியே ஆக வேண்டும். ஆகவே, நகரப் பேருந்து போகும் தூரத்துக்குள் ஓர் அரசுக் கல்லூரி இருப்பதும் இல்லாததும் எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு உண்டா இல்லையா என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

பென்னாகரத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பெரியார் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகளாகத் தொடங்கப்பட்டவை பின்னர் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளாக மாறின. இந்தப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்துக்குச் செய்த பெரிய தொண்டு எது என்று கேட்டால், தரப்புள்ளியைச் சொல்வதற்கு முன் அந்தக் கல்லூரிகளைத்தான் நான் சொல்வேன்.

செந்தில் அவர்களின் தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் இது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தருமபுரி

அம்மா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். ஓசூர் நண்பருக்கு என் பதில்: பட்டத்தின் மேல் உள்ள பெயருக்கு வெளியூரில் மதிப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர், இணைவு பெற்ற எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்றுபோலவே கிடைக்கிறது. காரிமங்கலத்துப் பிள்ளை எந்த இணைவுக் கல்லூரியில் சேர்ந்தாலும் அதே பெயர்தான். இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் எண் எப்படி உதவும்? நீங்கள் சொல்வது பெங்களூரா சேலமா என்று யோசிப்பவருக்குப் பொருந்தும். செந்தில் கேட்டதற்குப் பொருந்தாது.

தரவரிசை எதனால் ஆனது என்பதையும் பார்த்துவிடுவோம். என்.ஐ.ஆர்.எஃப். கணக்கில் கற்பித்தலும் அதற்கான வளங்களும் 30 விழுக்காடு, ஆய்வு 30, பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்களின் நிலை 20, பரவலும் எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதும் 10, பிறர் கொண்டுள்ள மதிப்பு 10. தொலைவிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளை ஏற்றுப் படிக்க வைப்பது அந்தப் பரவல் என்ற 10-க்குள் அடங்கிவிடுகிறது. நம் பகுதிக்கு அது 10 விழுக்காட்டு வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓசூர் பணியாளர் தேர்வு அலுவலர்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. உள்ளூர்க் கல்லூரிகளுக்குள் தேர்வு என்றால் உங்கள் வாதம் சரி.

காரிமங்கலம் செந்தில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. தங்கை அரசுப் பள்ளி மாணவிதான். சான்றிதழ் வேலையை நாளையே தொடங்குகிறேன். என்னைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். நான் பி.காம். முடித்து, மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எம்.காம். படிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. தருமபுரிக்கு அருகிலேயே பல்கலைக்கழக மையம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் சேர்வதா, தொலைநிலைக் கல்வியா?

பைசுஅள்ளி முன்னாள் மாணவி

அண்ணா, நீங்கள் கேள்விப்பட்டது தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் உள்ள மையம். முன்பு முதுநிலை விரிவாக்க மையம் என்று அழைத்தார்கள். இப்போது முதுநிலை மற்றும் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்குகிறது. இது இணைவுக் கல்லூரி இல்லை, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. கருப்பூர் வரை போக முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு முதுநிலைப் பட்டம் எட்டியது இந்த மையத்தால்தான். ஆனால் இது முழுநேர வகுப்பு. 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். வேலையை வைத்துக்கொண்டு முடியாது.

தொலைநிலைக் கல்வி என்று வரும்போதுதான் மேலே பேசிய தரநிலை எண்கள் உண்மையில் வேலை செய்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொலைநிலைப் படிப்பை நடத்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாக் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளிகள் இருக்க வேண்டும். அல்லது முந்தைய இரண்டு தரவரிசைச் சுற்றுகளில் ஒரு முறையாவது என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பிரிவில் முதல் நூறுக்குள் வந்திருக்க வேண்டும். 3.61 அந்த வரம்பைத் தாண்டுகிறது. இந்தத் தகுதி ஒருபுறம் இருக்க, நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணியகம் வழங்கும் டெப் அடையாள எண் இல்லாமல் இப்போது சேர முடியாது. முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம், நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. எனவே எம்.காம். படித்துத் தேர்வாணையத் தேர்வு எழுத நினைத்தாலும் தயங்க வேண்டாம்.

இடைத்தரகர் யாராவது வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம், பணத்தைக் கட்டினால் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் செந்தில்

தெளிவாகப் புரிந்தது, தங்கையே. கடைசியாக ஒரு சந்தேகம். என் தங்கைக்கு ஓர் அரசுக் கல்லூரியும் ஒரு தனியார் கல்லூரியும் மனதில் இருக்கின்றன. அந்தக் கல்லூரிகளின் சொந்த எண்களை நான் எங்கே பார்ப்பது?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தருமபுரி

நாக் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் தன்மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் தர உறுதி அறிக்கையும் வெளியிட வேண்டும். அறிக்கை நூறு பக்கங்களுக்கு மேல் ஓடும். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கற்பித்தல் பற்றிய இரண்டாம் பகுதியைத் திறந்து, மூன்று செய்திகளைத் தேடுங்கள்: ஒப்புதல் பெற்ற ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள். துறைவாரியாகவும் கேளுங்கள், கல்லூரியின் மொத்தத் தேர்ச்சி நன்றாக இருந்து, கணிதத் துறை மட்டும் தளர்ந்திருப்பது உண்டு.

அரசுக் கல்லூரியில் பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களே பாடம் நடத்துகிறார்கள். அதைக் கேட்டவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். மிகக் குறைந்த ஊதியத்தில், முனைவர் பட்டம் பெற்ற அருமையான ஆசிரியர்கள் அங்கே பணியாற்றுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் அமர்த்தப்படுகிறார்களா, பருவத்தின் பாதியில்தான் வருகிறார்களா என்று அதே கல்லூரியில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். தனியார் கல்லூரியில், சென்ற ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். தங்கையின் மதிப்பெண்ணையும் வீட்டிலிருந்து பேருந்து போகும் வழியையும் பார்த்து, தருமபுரி, காரிமங்கலம், கிருஷ்ணகிரி என்று முன்னுரிமை வரிசையை எழுதி இங்கே பதிவிடுங்கள். கலந்தாய்வுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.